வயலுக்குப் போகும் மானியமும் வானத்துக்குப் போகும் வாயுவும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் உர மானியமும் இலவச மின்சாரமும் புவி சூடாவதில் எந்த அளவுக்குப் பங்கு வகிக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். "விவசாயிக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் பிடுங்கப் பார்க்கிறீர்களா?" என்பதுதான் பலரும் கேட்ட கேள்வி. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே.

கார், ஏசி, அனல்மின் நிலையம் எல்லாம் நகரத்துக்காரர்களுக்கு, பழி மட்டும் எங்களுக்கா? – மன்னார்குடி வாசகர்

பழி இல்லை, கணக்கு. இந்திய அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையின்படி 2020-ல் நாடு வெளியிட்ட, புவியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் வேளாண்மையின் பங்கு 13.72 சதவீதம், எரிசக்தித் துறையின் பங்கு முக்கால். ஆகவே முதல் குற்றவாளி உழவர் என்று யாராவது சொன்னால் அது பொய். வேளாண்மையின் அந்தப் பங்கிலும் ஏறக்குறைய பாதி ஆடு மாடுகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி உரம் போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடும், தண்ணீர் தேங்கிய நெல் வயலின் மீத்தேனும். மோட்டார் ஓட எரித்த நிலக்கரியும் யூரியா ஆலை எரித்த எரிவாயுவும் இந்த 13.72-க்குள் வராது, அவை வேறு தலைப்புகளில் எழுதப்படுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்த உரத்தை எத்தனை மூட்டை போடுவது, மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது, எந்தப் பயிரை நடுவது, இந்த மூன்றையும் ஒரு விவசாயி தன்னந்தனியாகவா முடிவு செய்கிறார்? எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் போடுகிறார், எதை அரசு வந்து கொள்முதல் செய்யுமோ அதை நடுகிறார், கையில் நாலு காசு நிற்க வேண்டும் என்றால் வேறு வழியும் கிடையாது. அப்படியானால் வயலிலிருந்து எந்த வாயு எவ்வளவு கிளம்பும் என்பதில் பாதி முடிவு பட்ஜெட் போடும் இடத்திலேயே ஆகிவிடுகிறது. நாங்கள் கேள்வி கேட்பது அந்த இடத்தைத்தான்.

ஒரு மூட்டை யூரியாவுக்கும் புவி சூடாவதற்கும் என்ன சம்பந்தம்? சுற்றி வளைக்காமல் எண்ணாகச் சொல்லுங்கள். – சிதம்பரம் வாசகர்

சரி, எண்ணாகவே. மூட்டை 45 கிலோ, கடை விலை 266 ரூபாய் 50 காசு. இதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. மண்ணில் விழும் 100 கிலோ நைட்ரஜனில் சுமார் 1 கிலோ நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றோடு போகிறது என்பது ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி. பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு (தொடர்ந்து தண்ணீர் நிற்கும் நெல் வயலில் பாதிக்கும் குறைவு). அந்த அளவில் பார்த்தால் ஒரு மூட்டைக்கு 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. பார்க்கக் கொஞ்சம்தான். ஆனால் அந்த வாயு நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும், ஆகவே 325 கிராம் என்பது கிட்டத்தட்ட 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அப்புறம் யூரியாவுக்குள்ளேயே கார்பன் இருக்கிறது, அது மண்ணில் கரையும்போது இன்னொரு 33 கிலோ. மொத்தம் 120 கிலோவுக்கு மேல், ஒரே மூட்டைக்கு. ஆலையில் எரிந்ததை இதில் சேர்க்கவில்லை.

இனி காசுக்கு வருவோம். 2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்துக்கும் (பொட்டாஷ்) கிலோவுக்கு இவ்வளவு மானியம், மிச்சம் சந்தை விலை. யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை, விலையைப் பழையபடி கட்டியே வைத்துவிட்டார்கள். விளைவு கண்முன்னே இருக்கிறது: மணிச்சத்து தரும் டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷ் அதைவிடவும் அதிகம், யூரியா 266.50. கையில் இருக்கும் பணத்துக்கு எதை வாங்குவார்கள்? யூரியாவை வீசினால் நாலே நாளில் பயிர் கரும்பச்சையாக எழும்புகிறது, பக்கத்து வயல்காரர் பார்க்கிறார், அவரும் ஒரு மூட்டை கூடப் போடுகிறார். அந்தப் பச்சையைத் தேடித்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன, மழையில் பயிர் சாய்கிறது, மருந்துச் செலவு தனியாக ஏறுகிறது. போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பாதிகூடக் கிடையாது.

யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் கட்டாயமாக்கினார்கள், 2018-ல் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கினார்கள். வேப்பெண்ணெய் நல்ல ஏற்பாடு, தழைச்சத்து மெதுவாகக் கரையும். ஆனால் விலை அப்படியே இருக்கும்வரை கை இன்னொரு மூட்டைக்குத்தான் போகும்.

அப்படியென்றால் மானியத்தை நிறுத்திவிடலாம் என்கிறீர்களா? எங்கள் நாட்டில் 2021-ல் நடந்ததைக் கேள்விப்படவில்லையா? – கிளிநொச்சி வாசகர்

கேள்விப்பட்டோம், அதை மறக்கவே கூடாது. இலங்கையில் 2005-ல் 50 கிலோ உர மூட்டை 350 ரூபாய் என்று தொடங்கிய மானியத்தில் வருடக்கணக்காகப் பழகிய விவசாயிகளிடம், 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியே கிடையாது, எல்லோரும் இயற்கை வேளாண்மைக்கு மாறுங்கள் என்றார்கள். மாற்று உரம் கைக்கு வரவில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் விதைப்புக் காலம் போயே போய்விட்டது. கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் கடன் வாங்கி விதைத்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், "வாயு உமிழ்வு குறைந்ததே" என்று யாராலும் வாய் திறந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதே வேலையை வேறு விதமாகச் செய்த நாடு சீனா. அங்கேயும் இடுபொருளுக்கென்று மானியம் கொட்டினார்கள், ஒரு ஏக்கருக்குப் போடும் உரம் உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக ஆனார்கள். 2015-ல் ஒரு திட்டம் போட்டார்கள்: 2020-க்குள் உரப் பயன்பாடு இனி ஏறக்கூடாது. தடை எதுவும் இல்லை. உரத்துக்கு இருந்த விற்பனை வரி விலக்கை எடுத்தார்கள். விதை, இடுபொருள், தானியம் என்று மூன்றாகக் கொடுத்த மானியத்தை 2016-ல் ஒன்றாக்கி நிலத்தின் வளத்தைக் காப்பதோடு இணைத்தார்கள். 2005 முதலே நடந்துவந்த மண் பரிசோதனை அடிப்படையிலான உரப் பரிந்துரையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பழம், காய்கறி, தேயிலைக்கு இயற்கை உரம் வாங்கப் பணம் கொடுத்தார்கள். 2015-ல் 602 லட்சம் டன்னாக இருந்த பயன்பாடு 2020-ல் 525 லட்சம் டன்னுக்கு இறங்கியது, தானிய விளைச்சல் குறையவில்லை. அரசின் வேளாண் செலவும் குறையவில்லை, பணம் போகிற வாய்க்காலைத்தான் மாற்றினார்கள். எங்கள் வாதமும் இதுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை: விவசாயிக்குப் போகும் ஒரு ரூபாயையும் குறைக்காதீர்கள், அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை மாற்றுங்கள்.

இலவச மின்சாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எங்கள் பெரியவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கியது. – பொங்கலூர் வாசகர்

தெரியும். 1970களின் தொடக்கத்தில் கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்து நடந்த போராட்டமும், அதில் குண்டடிபட்டுச் செத்தவர்களும் இல்லாமல் இது வரவில்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு, அப்புறம் 1990 வாக்கில் எல்லோருக்கும் என்று வந்தது. கொங்குப் பகுதியில் வாய்க்கால் பாயாத மேட்டு நிலத்தில் நானூறு, ஐந்நூறு அடிக்குக் கீழே தண்ணீரைத் தேடுகிறவரிடம், மேட்டூர்த் தண்ணீரை இலவசமாக வாங்கும் டெல்டாவைக் காட்டி "நீ மட்டும் காசு கட்டு" என்பது அநியாயம்.

ஆனால் ஒரு கணக்கு. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் இழுக்கும், பழைய, எரிந்து எரிந்து மறுபடி காயில் சுற்றிய மோட்டார் என்றால் இன்னும் கூடும். ஆறு மணி நேரம் ஓடினால் 27 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு என்பதால் ஒரு நாளைக்கு 19 கிலோ. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரும் பெரிதாகிறது, மின்சாரமும் கூடுகிறது, வாயுவும் கூடுகிறது. இலவசம் என்பதால் நல்ல மோட்டார் வாங்க யாருக்கும் அவசரம் வருவதில்லை, இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வழி இருக்கிறது. பஞ்சாபில் 2018-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள்: மின்சாரம் இலவசமே, ஆனால் உனக்கென்று ஒதுக்கிய யூனிட்டில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் கணக்கில் ஏறும். குஜராத்தில் துண்டி என்ற சிற்றூரில் 2016-ல் சூரிய மின்பம்பு வைத்த விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இந்த இரண்டிலும் தண்ணீரை இறைக்காமல் விட்டால் விவசாயிக்குக் காசு வருகிறது.

2019-ல் வந்த பி.எம்.-குசும் திட்டத்தில் தனியாக நிற்கும் சூரிய பம்புக்கு மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் கொடுக்கின்றன. நிலக்கரி மிச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் விற்க வழியில்லாத பம்பு பகல் முழுக்க ஓடும், நிலத்தடி நீர் இன்னும் சீக்கிரம் கீழே போகும். நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் கூடவே சொட்டுநீரும் போட்டுவிடுங்கள், சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் அதற்கு 100 சதவீத மானியம் இருக்கிறது.

நெல் வயலில் தண்ணீரைக் காயவிட்டால் மீத்தேன் குறையும் என்கிறார்கள். எனக்கு மூன்று ஏக்கர் சம்பா. இதைச் செய்தால் அரசு எனக்கு என்ன தருகிறது? – கும்பகோணம் வாசகி

நேராகக் கேட்டுவிட்டீர்கள் அம்மா. இப்போதைக்கு இதற்கென்று ஏக்கருக்கு இவ்வளவு என்று உங்கள் கைக்கு வருவது எதுவும் இல்லை, எங்களுக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது புதிதல்ல. ஓர் அடி நீளத்தில் நாலு முதல் ஆறு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்குங்கள், உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். நட்டுப் பயிர் பிடித்து, களை எடுத்தபின் தொடங்கலாம். வயலின் மேல் தண்ணீர் வற்றினாலும் குழாய்க்குள் தெரியும், அது தரைமட்டத்திலிருந்து அரை அடிக்குக் கீழே போகும்போது மறுபடி ஓரிரு அங்குலம் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பலமுறை காயவிட்ட வயலில் மீத்தேன், தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயலில் வருவதில் பாதியை ஒட்டி இறங்கிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் ஏறும், யூரியாவை அளவோடு போட்டால் மொத்தத்தில் லாபம்தான்.

ஆனால் டெல்டாவில் ஏன் யாரும் காயவிடுவதில்லை? இரண்டு காரணம். ஒன்று களை, தண்ணீர் நின்றால் களை அமுங்கும், காயவிட்டால் எழும்பும், ஆள் கூலி கட்டுப்படியாகாது. இன்னொன்று இதைவிடப் பெரியது, நம்பிக்கை. முறைவைத்து விடும் தண்ணீர் அடுத்த முறை கடைமடைக்கு வருமா என்று தெரியாதவர், வந்தபோதே வரப்பு முட்டத் தேக்கித்தான் வைப்பார். அவரிடம் போய் மீத்தேன் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்? அதனால் பாசன வாய்க்கால் தூர்வாரலும், மதகு பழுதுபார்ப்பும், இத்தனாம் தேதி தண்ணீர் வரும் என்ற உறுதியும்கூட மீத்தேன் குறைப்புச் செலவுதான், ஆவணங்களில் யாரும் அப்படி எழுதுவதில்லை என்றாலும். கோனோவீடர் என்ற களை எடுக்கும் தள்ளுகருவி வாடகைக்குக் கிடைக்கும் மையம் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இருந்தால் களைப் பிரச்சினையில் பாதி தீரும். உங்களிடம் ஆழ்துளைக் கிணறு இருந்தால் இந்த சம்பாவிலேயே ஒரு மூலையில் செய்து பாருங்கள். இல்லாவிட்டால், வாய்க்காலை நம்பி மூன்று ஏக்கரிலும் இறங்காதீர்கள்.

நெல்லைக் குறைத்துச் சிறுதானியத்துக்குப் போனால்? – பாலக்கோடு வாசகர்

உங்கள் மாவட்டத்துக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் தேக்காத பயிர் என்பதால் மீத்தேன் கிடையாது, யூரியாவும் கொஞ்சம்தான். ஆனால் நெல்லுக்கு இருக்கும் கொள்முதல் நிலையம் கேழ்வரகுக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது? தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2023-ல் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் அதற்காகவே கொள்முதல் செய்ததும் சரியான திசை. ஹரியானாவில் 2020 முதல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் கொடுத்தார்கள். வெறும் பிரசாரத்தால் யாரும் பயிரை மாற்றியதில்லை, மாற்றவும் வேண்டியதில்லை.

என்னிடம் இரண்டு கறவை மாடு. மாடும் குற்றவாளியா? – மோகனூர் வாசகர்

இல்லை. இரண்டு மாடு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் போய் யாரும் மாட்டைக் குறை என்று சொல்லக் கூடாது. நல்ல தீவனம், பசுந்தீவனம், நோயில்லாத மாடு என்றால் பால் கூடும், லிட்டருக்குக் கணக்கிட்டால் மீத்தேன் தானாகக் குறையும். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் ஹரித் தாரா என்ற தீவனக் கலவையை உருவாக்கியிருக்கிறது, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். 2023 டிசம்பரில் பால் கொள்முதலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்களே, அதேபோலத் தீவனத்துக்கும் ஒரு வழி செய்தால் உங்களுக்கும் லாபம்.

உர மானியத்தை அப்படியே பணமாக விவசாயி கணக்கில் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா? – ஒரத்தநாடு வாசகர்

கேட்க எளிதாக இருக்கிறது, பாதி சரியும்கூட. தெலங்கானாவில் 2018-ல் ரைத்து பந்து என்று ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணம் மூட்டையோடு கட்டப்படவில்லை, தொழு உரம் வாங்கலாம், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைக்கலாம், டிராக்டர் கூலி கொடுக்கலாம். யூரியாவைக் கூடப் போட வேண்டும் என்ற தூண்டுதல் அதில் இல்லை.

ஆனால் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது போனது. உங்கள் ஒரத்தநாட்டிலேயே வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனை பேர்! யூரியா மலிவாக இருந்தால் குறைந்தபட்சம் குத்தகைக்காரருக்கும் அது மலிவு. பணமாக மாற்றினால் நிலக்காரர் சென்னையில் உட்கார்ந்து வாங்குவார், உழுகிறவர் முழு விலைக்கு மூட்டை வாங்குவார். குத்தகைப் பதிவை ஒழுங்குபடுத்தாமல் இந்த மாற்றத்தைச் செய்தால் அது பெரிய துரோகம், அதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மத்திய அரசு 2023-ல் பி.எம்.-பிரணாம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒரு மாநிலம் இரசாயன உரத்தைக் குறைத்தால் மிச்சமான மானியத்தில் பாதி அந்த மாநிலத்துக்கே. நோக்கம் நல்லது. ஆனால் மூட்டையைக் குறைப்பவர் விவசாயி, காசு போவது மாநில அரசுக்கு. அவருக்கு நேராக ஏதாவது வந்தால்தானே குறைப்பார்?

உலகம் முழுக்கவே இப்படித்தானா? அரசு வேளாண்மைக்குச் செலவைக் கூட்டினால் உமிழ்வு கூடுமா, குறையுமா? – மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

இரண்டும் நடக்கும், எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. ஐ.நா.வின் மூன்று அமைப்புகள் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட அறிக்கை, உலக அரசுகள் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 54,000 கோடி டாலர் ஆதரவு கொடுக்கின்றன, அதில் 87 சதவீதம் விலையைக் கோணலாக்குவதாகவோ, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் தீங்கு செய்வதாகவோ இருக்கிறது என்றது. இடுபொருளை மலிவாக்கும் செலவு விளைச்சலோடு உமிழ்வையும் கூட்டும். ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி, பாசனச் சீரமைப்பு, மண் வளம் என்று போகும் செலவு அதே விளைச்சலைக் குறைந்த உரத்தில், குறைந்த தண்ணீரில் எடுக்க வைக்கும், ஆனால் பலன் தெரிய நாலைந்து ஆண்டு ஆகும். தேர்தலுக்கு முன் தெரியாது என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

நம் நாட்டு எண்ணைப் பாருங்கள். 2023-24 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது 1,75,100 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு 9,504 கோடி. பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு வட்டாரத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உதவி வேளாண்மை அலுவலர்கள், ஒருவர் தலையில் பல ஊர்கள். மண் பரிசோதனை அட்டையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் விட்டால் அது பரணில்தான் கிடக்கும். உங்கள் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே மாவட்டத்தில், விரிவாக்க அலுவலர் ஒழுங்காக வரும் ஊரிலும் வராத ஊரிலும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடுகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். நல்ல ஆய்வாக அமையும்.

யூரியாவை அளவோடு போடு என்கிறீர்கள், அளவை எப்படித் தெரிந்துகொள்வது? – சீர்காழி வாசகர்

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் போட்ட பிளாஸ்டிக் அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பு என்றால் 21-ஆம் நாளிலிருந்து, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, முதல் பூ வரும்வரை பாருங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் இலையில் விழாதபடி உங்கள் நிழலில் மறைத்துக்கொண்டு, மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வயலில் அங்கங்கே பத்து செடி. வெள்ளைப்பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவெண். பத்து இலையில் ஆறு அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம், இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, ஆளுக்கு ஆள் கண் மாறும். உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார விரிவாக்க மையத்திலோ அட்டை கேளுங்கள். இருப்பு இல்லை என்றால் எழுத்தில் கேட்டுவிட்டு வாருங்கள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் வரவழைப்பார்கள். அட்டையை வரப்பில் வெயிலில் போட்டுவிடாதீர்கள், நிறம் வெளுத்தால் அளவு தப்பிவிடும்.